பிரிந்து நிற்க மறுத்தவர்கள்

(வானொலியில் வழங்கிய மறையுரை)



பாஸ்கா காலத்தில் யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் நமக்கு வாசிக்கப்படுகிறது. இறுதி இரவில் இயேசு தம் சீடர்களை நண்பர்கள் என்று அழைக்கிறார். நண்பருக்காக உயிரையே தருவதுதான் அன்பின் உச்சம் என்று கற்பிக்கிறார். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட போதனை இது. இதைத் தங்கள் படுக்கை அறையிலேயே எதிர்கொள்ள நேர்ந்த சில மாணவர்களை இன்று நினைத்துப் பார்ப்போம்.

நடு ஆப்பிரிக்காவில் புருண்டி என்ற சிறிய நாடு இருக்கிறது. அங்கே ஹூட்டு, டுட்சி என்று இரு இனத்தார். இருவரும் பேசுவது ஒரே கிருண்டி மொழி. ஒரே குன்றின் சரிவில் அடுத்தடுத்து வீடு கட்டி வாழ்ந்தவர்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், ஒரே கோயிலில் நற்கருணை வாங்கியவர்கள். 1993 அக்டோபரில், மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர் மெல்கியோர் இந்தாதாயே படையினரால் கொல்லப்பட்டார். அவர் ஹூட்டு இனத்தவர். பழிக்குப் பழி என்று மூண்ட உள்நாட்டுப் போர் சுமார் 12 ஆண்டுகள் நீடித்தது. ஏறத்தாழ 3 லட்சம் பேர் மாண்டார்கள்.

அந்தப் போர் இளையோரை என்ன செய்தது? அன்றைய தலைநகர் புஜும்புராவில் குடியிருப்புகளே இனவாரியாகப் பிரிந்தன. நேற்றுவரை சேர்ந்து பந்து விளையாடியவன் வீட்டுக்கு இன்று போய்வர முடியாது. போனால் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. இரு பக்கத்திலும் இளைஞர்கள் கையில் ஆயுதம் வந்தது. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, 'இவன் ஆட்கள்தானே என் வீட்டாரைக் கொன்றார்கள்' என்று எண்ணும் நிலை வந்தது. ஒரு பிள்ளையின் தோழன் யார் என்பதைப் போர் முடிவு செய்தது.

நாட்டின் தெற்கே, புரூரி மறைமாவட்டத்தில் புட்டா என்ற இடத்தில் ஒரு சிறு குருமடம். அங்கே இரு இனத்துப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கிப் படித்தார்கள். வெளியே எரிந்த நெருப்பின் சூடு உள்ளேயும் வந்தது. அதிபர் அருள்பணி சக்கரி புகுரு அதை மூடி மறைக்கவில்லை. 'இதையெல்லாம் இங்கே பேசக் கூடாது' என்று வாயை அடைக்கவில்லை. மனத்தில் இருக்கும் பயத்தையும் கோபத்தையும் ஒருவர் முன் ஒருவர் பேச வைத்தார். சேர்ந்து செபித்தார்கள், சேர்ந்து வேலை செய்தார்கள், விளையாடினார்கள், ஆடிப் பாடினார்கள். இது ஒரு நாள் கூட்டத்தில் நடந்து முடிந்ததல்ல. போர் தொடங்கிய நாளிலிருந்து ஆண்டுக்கணக்கில் நடந்தது.

1997 ஏப்ரல் 30, விடியற்காலை. ஹூட்டு கிளர்ச்சிப் படையினர் குருமடத்துக்குள் புகுந்தார்கள். மாணவர்கள் உறங்கும் கூடத்தில் நின்று, ஹூட்டுகள் ஒரு பக்கம், டுட்சிகள் ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்று கட்டளையிட்டார்கள். பிரிந்திருந்தால் ஹூட்டு மாணவர்கள் பிழைத்திருக்கலாம். மாணவர்கள் பிரிய மறுத்தார்கள். 40 பேர் கொல்லப்பட்டார்கள். இரு இனத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். காயப்பட்ட மாணவர் ஒருவர், பிரியச் சொன்னதற்குத் தாங்கள் மறுத்துவிட்டதாகவும், வென்றது தாங்களே என்றும் தம்மிடம் சொன்னதாக அதிபர் பின்னர் சாட்சியம் கூறியிருக்கிறார்.

அன்புக்குரியவர்களே, அந்த 'மாட்டோம்' என்ற சொல் அந்த ஒரு நொடியில் பிறந்ததா? இல்லை. துப்பாக்கி முன்னால் யோசித்து முடிவெடுக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. ஒரே மேசையில் சாப்பிட்ட நாட்களிலும், சண்டையிட்டு ஒப்புரவான மாலைகளிலும் அந்த முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. குருமடத்தில் வளர்ந்த எங்களைப் போன்ற குருக்களுக்கு அந்த மேசையும் அந்தப் படுக்கை வரிசையும் நன்றாகத் தெரியும். எங்களைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்: அப்படி ஒரு விடியற்காலை எங்களுக்கு வந்திருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்?

எல்லாரும் உயிரைக் கொடுக்க அழைக்கப்படுவதில்லை. அதே புருண்டியில், கமெங்கே பகுதியில், சவேரியார் சபை மறைபரப்பாளர்கள் நடத்திய இளையோர் மையத்தில் போர்க் காலத்திலும் இரு இனத்து இளைஞர்களும் கூடி விளையாடினார்கள், படித்தார்கள், வீடுகள் கட்டினார்கள். உயிரோடிருந்து நட்பைக் காப்பதும் சாட்சிய வாழ்வுதான்.

நம் ஊரில் போர் இல்லை. ஆனால் 'பிரிந்து நில்லுங்கள்' என்ற குரல் நமக்குப் புதிதா? தென் மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் சாதிக்கொரு நிறக் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் வைத்துப் பிரித்த ஊர்கள் உண்டு. நம் பிள்ளை ஒரு நண்பனை வீட்டுக்கு அழைத்து வந்ததும், 'அவன் எந்தத் தெரு?' என்று நாம் கேட்கிறோமே, அந்தக் கேள்வி எதைக் கற்றுக்கொடுக்கிறது? கயிற்றைக் கட்டியது பிள்ளையாக இருக்கலாம். அதன் நூலை நூற்றுக் கொடுத்தது நாம்.

பெற்றோரே, இந்த வாரம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, 'சாப்பிட்டாயா தம்பி?' என்று கேட்போம். இளையோரே, நீங்கள் இதுவரை போகாத ஒரு நண்பனின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். அன்பியக் கூட்டத்தை எப்போதும் நடக்கும் தெருவை விட்டு அடுத்த தெருவில் நடத்துவோம். சிறிய காரியங்கள்தான். புட்டாவிலும் சிறிய காரியங்களில்தான் தொடங்கினார்கள்.

செபிப்போம்: எங்களை நண்பர்கள் என்று அழைத்த ஆண்டவரே, பிரித்து நிறுத்தும் குரல் கேட்கும் நாளில் ஒருவரை ஒருவர் விடாமல் பற்றிக்கொள்ள, இன்றே எங்களைப் பழக்கியருளும். ஆமென்.