ஒரு செட் உலர்ந்த துணி

(ஆகஸ்டில் உத்தராகண்ட் மலர்ப் பள்ளத்தாக்குக்கும் ஹேம்குண்ட் சாஹிபுக்கும் போகவிருக்கும் நம் குடியிருப்புக் குழுவினருக்காக, பி பிளாக் உறுப்பினர் ஒருவர் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவும் மேட்ச் நடக்கும் நேரத்தில், இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. செயலாளர் சார் என்னிடம், "என்னென்ன எடுத்துப் போகணும்னு ஒரு லிஸ்ட் சொன்னால் போதும், பத்து நிமிஷம்" என்றார். லிஸ்ட் சொல்கிறேன். ஆனால் லிஸ்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். அதனால் பத்து நிமிஷம் இருபது ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. மழையில் நனைந்தால் நமக்கு என்ன தோன்றும்? "அப்பாடா" என்றுதான் தோன்றும். சென்னையில் மழை என்றால் சுகம். நனைந்துகொண்டே வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டி, சூடாக ஒரு காபி குடித்தால் வேலை முடிந்தது. மிஞ்சிப்போனால் சளி பிடிக்கும். நம் உடம்புக்கு இதுதான் பழக்கம். நனைவது ஆபத்து என்று நம்மில் யாருக்கும் உடம்பளவில் தெரியாது. நீங்கள் போகப்போகும் இடத்தில் இந்தப் பழக்கம்தான் முதல் எதிரி.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். பொதுவாக ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஹேம்குண்ட் சுமார் 4,300 மீட்டர். அதாவது கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 28 டிகிரி குறைவு. இங்கே 33 டிகிரி இருக்கிற நாளில் அங்கே ஐந்து டிகிரி. அதன் மேல் காற்று, அதன் மேல் மழை. பூக்கள் நன்றாகப் பூக்கிற ஜூலையும் ஆகஸ்டும்தான் அங்கே மழைக்காலம். பூ வேண்டும், மழை வேண்டாம் என்றால் நடக்காது.

இன்னொரு விஷயம். தண்ணீர் நம் உடம்பின் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். ஐந்து டிகிரி குளிரில் உலர்ந்த துணியோடு நிற்கிறவரும் ஈரத் துணியோடு நிற்கிறவரும் ஒரே இடத்தில் நின்றாலும் ஒரே குளிரில் நிற்கவில்லை. ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். குளிருக்காக பேக் பண்ணாதீர்கள், ஈரத்துக்காக பேக் பண்ணுங்கள்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அனுமதி வாங்கிவிட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் நாங்கள் இருவரும் போனோம். நான்கு ஸ்வெட்டர், மங்கி குல்லா, சால்வை என்று பை நிறையக் குளிருக்கு எடுத்துக்கொண்டோம். நான் ஜீன்ஸ், அவர் காட்டன் சல்வார். மழைக்கு என்று ஆளுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு. கங்காரியாவிலிருந்து ஹேம்குண்ட் ஏறும்போது பாதி வழியில் மழை பிடித்தது. ஒரு மணி நேரத்தில் கோட்டு அக்குளில் கிழிந்தது. ஏற ஏற உள்ளே வியர்வை, வெளியே மழை. காட்டன் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டது.

மேலே போய்ச் சேர இன்னும் கொஞ்ச தூரம்தான். அவர் பேசுவது குறைந்தது. கேட்டதற்கு எரிந்து விழுந்தார். கையுறையை இரண்டு முறை கீழே போட்டார். படியில் கால் தடுமாறியது. "நான் இங்கேயே உட்கார்ந்துக்கறேன், நீங்க போங்க" என்றார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு, இது கோபமில்லை, உடம்பு குளிர்ந்து மூளை மந்தமாகிறது என்று புரியவில்லை.

புரிந்தது பின்னால் வந்த ஒரு வயதான சீக்கிய அம்மாவுக்கு. ஒரு பார்வைதான் பார்த்தார். இரண்டு பேரைக் கூப்பிட்டு, மேலே குருத்வாராவின் லங்கர் கூடத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். "உலர்ந்த துணி எடுங்கள்" என்று ஹிந்தியில் என்னிடம் சொன்னார். பையைத் திறந்தேன். நான்கு ஸ்வெட்டரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பைக்கு மேலே ரெயின் கவர் போட்டிருந்தேன். ஆனால் முதுகுப் பக்கம் திறந்துதானே இருக்கும்! கழுத்தில் இறங்கிய தண்ணீர் அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. தன் பையிலிருந்து ஒரு பாலிதீன் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, ஒரு பைஜாமா, சாக்ஸ். பெண்கள் நான்கு பேர் சால்வையால் மறைத்துக்கொண்டு ஈரத்துணியைக் கழற்றி அதை உடுத்திவிட்டார்கள். பிறகு கிச்சடி, சர்க்கரை போட்ட டீ. முக்கால் மணி நேரத்தில் என் மனைவி என்னைப் பார்த்து, "ஏன் இப்படி முழிக்கறீங்க?" என்றார். உயிர் வந்தது, எனக்கு.

நாங்கள் சுமந்து போன அத்தனை துணியும் உதவவில்லை. யாரோ ஒருவர் பொட்டலம் கட்டி வைத்திருந்த ஒரு செட் உதவியது. அதனால்தான் சொல்கிறேன். உங்கள் பையில் மற்றது எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு செட் உலர்ந்த துணி தண்ணீர் புகாத கவரில் இருக்க வேண்டும். நடக்கும்போது எவ்வளவு குளிர்ந்தாலும் அதைத் தொடக்கூடாது. தங்கும் இடத்துக்கு வந்த பிறகு, அல்லது யாருக்காவது ஆபத்து என்றால்தான் அதைப் பிரிக்கலாம். மறுநாள் காலையில் ஈரமான நடைத்துணியையே மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கலாம். முதல் பத்து நிமிஷம் கொடுமையாக இருக்கும். நடக்க ஆரம்பித்தால் சரியாகிவிடும். உலர்ந்த செட்டை மட்டும் ஈரமாக்காதீர்கள்.

இனி துணிகளுக்கு வருவோம். மூன்று அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பை ஒட்டிய முதல் அடுக்கு வியர்வையை வெளியே தள்ள வேண்டும். பாலியஸ்டர் ஜெர்ஸி டி-ஷர்ட், அல்லது மெல்லிய கம்பளி. காட்டன் பனியன் கூடாது. நம்பிக்கை இல்லையென்றால் இன்றைக்கே ஒரு காட்டன் பனியனையும் பையனின் ஃபுட்பால் ஜெர்ஸியையும் நனைத்துப் பிழிந்து பால்கனிக் கொடியில் போடுங்கள். எது முதலில் காய்கிறது என்று பாருங்கள். ஜீன்ஸையும் நனைத்துத் தூக்கிப் பாருங்கள். அந்த எடையோடுதான் மலை ஏறப்போகிறீர்கள்.

இரண்டாவது அடுக்கு சூட்டைப் பிடித்து வைப்பது. ஒரு ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர் போதும், நான்கு வேண்டாம். இவை ஈரமானாலும் ஓரளவு சூடு தரும். இறகு அடைத்த ஜாக்கெட் லேசாக, அழகாக இருக்கும். ஆனால் நனைந்தால் இறகு ஒட்டிக்கொண்டு பயனில்லாமல் போகும். அதைத் தங்குமிடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அடுக்கு மழையையும் காற்றையும் தடுப்பது. தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டிய ரெயின் ஜாக்கெட், அதோடு ரெயின் பேண்ட். புதிதாக வாங்க மனமில்லை என்றால் ரிஷிகேஷ், டேராடூனில் வாடகைக்குக் கிடைக்கும். பான்சோ பையோடு சேர்த்து மூடும், மலிவு. ஆனால் காற்றடித்தால் பட்டம்போலப் பறக்கும், படியில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. குடை கீழே காட்டுப் பாதையில் உதவும், மேலே காற்றில் உதவாது.

இந்த அடுக்குகளைப் போடுவதைவிடக் கழற்றுவதுதான் முக்கியம். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறினால் வியர்வையில் உள்ளிருந்தே நனைந்துவிடுவீர்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பை விஷயம். வெளியே ரெயின் கவர் போடுங்கள், ஆனால் அதை நம்பாதீர்கள். பைக்கு உள்ளே ஒரு பெரிய, தடிமனான கருப்புக் குப்பை கவரை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். மாற்று செட்டுக்கு அதற்குள்ளேயே இன்னொரு கவர். போன், பணம், ஆதார், மருந்து எல்லாம் ஜிப் கவரில். பையைக் கோவேறு கழுதையிலோ கூலியாளிடமோ கொடுக்கிறவர்கள் கவனியுங்கள். அவர் உங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ இருப்பார். மாற்று செட், ரெயின் ஜாக்கெட், மருந்து, தண்ணீர், டார்ச் இவை உங்கள் தோளில் உள்ள சின்னப் பையில்தான் இருக்க வேண்டும்.

கால் விஷயம். பாதை முழுக்கக் கல், சேறு, கழுதைச் சாணம். தேய்ந்த வாக்கிங் ஷூ வேண்டாம், அடியில் ஆழமான பிடிப்பு உள்ள ஷூ வேண்டும். புதிதாக வாங்கினால் இப்போதே வாங்கி நம் மொட்டை மாடிப் படிகளில் தினம் ஏறி இறங்குங்கள். லிஃப்டுக்கும் ஓய்வு கிடைக்கும். கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி. அதில் ஒரு ஜோடி இரவுக்கு மட்டும். ராத்திரி ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சும். ஒரு கைத்தடி அவசியம், கோவிந்த்காட்டிலேயே கிடைக்கும். மலர்ப் பள்ளத்தாக்கின் உள்ளே ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரின் கல்லறை இருக்கிறது. 1939-ல் செடிகள் சேகரிக்க வந்தவர், சரிவில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள், பிறகு ஷூ நாடாவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒருவரையொருவர் கவனிப்பது. உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. அது தொடங்கும்போது நடுக்கம் வரும். பிறகு பேச்சு குழறும், கையிலிருந்து பொருள் நழுவும், கால் தடுமாறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். அவருக்கே அது தெரியாது. "எனக்கு ஒண்ணுமில்லை" என்பார், நம்பாதீர்கள். ஈரத்தோடு இருப்பவருக்கு நடுக்கம் தானாக நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று அர்த்தமில்லை, நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். உடனே மழையும் காற்றும் படாத இடம், ஈரத்துணியைக் கழற்றி உலர்ந்த துணி, தரையில் நேராக உட்காராமல் கீழே பை அல்லது பாய், தலைக்குக் குல்லா. நினைவோடு விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம். கை காலைத் தேய்க்கக் கூடாது, மது கூடவே கூடாது. பிறகு கீழே இறக்கி மருத்துவரிடம். ஹேம்குண்டில் இரவு தங்க அனுமதி இல்லை, பள்ளத்தாக்கிலும் இல்லை. அதனால் ஒருவருக்கு முடியவில்லை என்றால், பாதி வழியில் ஒருவர் துணையோடு திரும்பிவிட வேண்டும். ஐயாயிரம் ரூபாய் டிக்கெட் வீணாகிறதே என்று யோசிக்காதீர்கள்.

லிஸ்ட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் டி-ஷர்ட் இரண்டு, சீக்கிரம் காயும் ட்ராக் பேண்ட் இரண்டு, தெர்மல் ஒரு செட், ஃப்ளீஸ் ஒன்று, ரெயின் ஜாக்கெட்டும் பேண்டும், குல்லா, கையுறை இரண்டு ஜோடி, சாக்ஸ் மூன்று, சீக்கிரம் காயும் மெல்லிய துண்டு, தங்குமிடத்துக்கு ரப்பர் செருப்பு, நெற்றியில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், வழக்கமான மருந்து, ஓ.ஆர்.எஸ்., கடலை மிட்டாய், பெரிய குப்பை கவர் மூன்று. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ராத்திரி பவர் பேங்கைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்த மழைக்கோட்டு, மிட்டாய் உறை எதையும் மலையில் போடாமல் அந்தக் கவரிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

வீட்டுப் பாடம் ஒன்று. பையை முழுதாக பேக் செய்து, உள்ளே நடுவில் ஒரு செய்தித்தாளை வைத்து, பாத்ரூம் ஷவருக்குக் கீழே பத்து நிமிஷம் நிறுத்துங்கள். தாள் உலர்ந்திருந்தால் பாஸ். தண்ணீர் மீட்டர் ஓடுகிறதே என்று செயலாளர் சார் என்னை முறைக்கிறார். இந்த ஒரு முறை மன்னித்துவிடுங்கள் சார்.

என் மனைவியும் இந்த முறை வருகிறார். அவர் பையில் இரண்டு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார். ஒன்று அவருக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். "யாருக்கோ, வழியில தெரியும்" என்றார்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லோரும் பேக் செய்த பையோடு மொட்டை மாடிக்கு வாருங்கள். ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.