மேடையிலே பிள்ளை, வாயிலிலே பெற்றோர்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, எதைப்பற்றிப் பேசுவதென்று நாம் நெடுநேரம் யோசிக்க நேரவில்லை. அண்மையில் நடந்த விளையாட்டுப் போட்டியொன்றிலே நாம் கண்ட காட்சி மனத்தைவிட்டு அகலாதிருந்தது. ஓட்டத்தில் இரண்டாமிடம் பெற்ற சிறுமி ஒருத்தி, பரிசுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தந்தை நின்ற பக்கம் திரும்பினாள். தந்தையின் முகத்தைப் பார்த்தாள். உடனே கிண்ணத்தை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டாள். அந்தத் தந்தை தீயவர் அல்லர். விடியுமுன் எழுந்து, மகளை மைதானத்துக்கு நாள்தோறும் அழைத்துச் சென்றவர் அவரே. அப்படியிருக்க, அந்தக் கிண்ணம் ஏன் மறைந்தது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

விடை தேடுவதற்கு ஒரு விளையாட்டைத் துணைக்கொள்வோம். அது ஜிம்னாஸ்டிக்ஸ். பெற்றோர் துணையின்றி எந்தப் பிள்ளையும் உச்சிக்கு ஏறமுடியாத துறை அது; பெற்றோர் தவறினால் பிள்ளை மிகக் கொடிதாய் விழுவதும் அங்கேதான். ஆதலால் பெற்றோர் கடமையென்பது யாதென்று அறிய அதனினும் தெளிவான கண்ணாடி கிடைப்பது அரிது.

பெண்களுக்கான போட்டியிலே நான்கு பிரிவுகள் உள. ஓடிவந்து மேசையிற் கையூன்றிப் பாய்தல் ஒன்று, உயரம் ஒவ்வாத இரு சட்டங்களிலே தொங்கிச் சுழலுதல் மற்றொன்று, சமநிலைக் கட்டையின்மேல் ஆடுதல் மூன்றாவது, தரைப்பயிற்சி நான்காவது. சமநிலைக் கட்டையின் அகலம் 10 சென்ரிமீற்றர். ஏறக்குறைய நமது கையகலமே. அது நிலத்திலிருந்து 1.25 மீற்றர் உயரத்தில் நிற்கும். அதன்மேல் நடப்பதே நமக்கு அரிது. பிள்ளைகள் அங்கே கரணம் அடிக்கின்றார்கள்.

1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக் விழாவில் ருமேனியா நாட்டு நாடியா கொமனெச்சி முதன்முறையாக 10 புள்ளி பெற்றபோது அவருக்கு வயது 14. அத்தகைய புள்ளியைக் காட்டப் புள்ளிப் பலகைக்கு வகையில்லாதிருந்தமையால் அது 1.00 என்று காட்டிற்று. பிற்காலத்திலே வயதெல்லை உயர்த்தப்பட்டது. 1997 முதல், பெண்கள் 16 வயது நிறையும் ஆண்டிலேதான் ஒலிம்பிக்கிற் பங்குபற்றலாம். ஆயினும் 16 வயதில் மேடையேற வேண்டுமாயின் ஐந்து, ஆறு வயதிலேயே பயிற்சி தொடங்கவேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரம்வரை பயிலும் பிள்ளைகளும் உளர். ஆறு வயதுப் பிள்ளை இப்பாதையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்வதில்லை. கைபிடித்து வாயில்வரை கொண்டுசென்று விடுபவர் பெற்றோரே. எனவே முதற் பொறுப்பும் அவர்களுடையதே.

பெற்றோரின் துணை எத்தகையதாயிருக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவோம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, லாவோஸ் நாட்டிலிருந்து போரினால் இடம்பெயர்ந்து சென்ற மொங் இனத்தவர் பலர் வாழ்கின்றனர். அச்சமூகத்திற் பிறந்தவர் சுனிசா லீ. அவருக்குத் தந்தையாய் நின்று வளர்த்தவர் ஜோன் லீ என்பவர். வீட்டிலே பழகுவதற்குச் சமநிலைக் கட்டை வாங்க வசதி போதவில்லை. தந்தை மரத்தை எடுத்தார். தம் கையாலேயே கட்டையொன்று செய்து கொல்லைப்புறத்திலே நிறுத்தினார். மகள் அதன்மேல் ஆடிப் பழகினாள்.

2019ஆம் ஆண்டு, தேசியப் போட்டிக்குச் சில நாட்களே இருந்தபோது, அத்தந்தை ஏணியிலிருந்து விழுந்தார். மார்புக்குக் கீழே உடல் செயலிழந்தது. மகள் போட்டியை விட்டுவிடக்கூடாதென்பதே அவர் விருப்பமாயிருந்தது. மகள் சென்றாள், மொத்தப் புள்ளிகளில் இரண்டாமிடம் பெற்றாள். ஈராண்டின் பின் டோக்கியோவிலே, தனிநபர் பல்துறைப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார் சுனிசா லீ. தொற்றுநோய்க் காலமாதலால் வீரர்களின் குடும்பத்தார் அங்கு செல்ல இயலவில்லை. தந்தை சக்கரநாற்காலியில் இருந்தபடி, தம் சமூகத்தார் சூழ, மினசோட்டாவிலிருந்தே அந்த வெற்றியைக் கண்டார்.

இதிலே நாம் கற்பது யாது? அந்தத் தந்தை கட்டையைச் செய்து கொடுத்தார். ஆட்டத்தை மகளிடமே விட்டுவிட்டார். தமக்கு நேர்ந்த துன்பத்தை அவள் தோளிற் சுமையாக ஏற்றவுமில்லை. செய்து கொடுப்பது வேறு, பிள்ளையின் இடத்திலே தாமே ஏறி நிற்பது வேறு. இந்த வேற்றுமையை அறிந்தவரே துணைநிற்கத் தெரிந்தவர் ஆவர்.

இனி, இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். கேட்பதற்கு இனிமையானதன்று, ஆயினும் இளைஞர் கூடியுள்ள சபையிலே இதனை மறைப்பது தகாது.

பிள்ளையைப் பயிற்றுநரிடம் ஒப்படைத்த பின், "எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒதுங்குவது பல பெற்றோருக்கு மரியாதையாகத் தோன்றுகின்றது. அமெரிக்கத் தேசியக் குழுவின் சிறுமியர் பல ஆண்டுகளாக டெக்சாஸ் மாநிலத்தில், காட்டுப்புறத்திலிருந்த பயிற்சி நிலையமொன்றிலே கூடிப் பயின்றனர். பெற்றோருக்கு அங்கே அனுமதியில்லை. உலகின் மிகச் சிறந்த குழு அதுவாகையால், ஏன் அனுமதியில்லை என்று அழுத்திக் கேட்டவர் சிலரே. அக்குழுவின் வைத்தியனாக இருந்தவன் லாரி நாசர். வைத்தியம் என்ற பெயரால் அவன் நூற்றுக்கணக்கான சிறுமியரையும் இளம் பெண்களையும் தகாத முறையிலே தீண்டினான். சிலவேளை தாயோ தந்தையோ அதே அறையில் இருக்கையிலேயே, அவர்கள் பார்வையை மறைத்து நின்று அக்கொடுமையைச் செய்தான். சில பிள்ளைகள் பல ஆண்டுகளுக்கு முன்னரே பெரியவர்களிடம் முறையிட்டிருந்தார்கள். அவர்கள் சொல் நம்பப்படவில்லை.

2018ஆம் ஆண்டு ஜனவரியிலே மிச்சிகன் மாநில நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள், ஒருவர் பின் ஒருவராக, ஏழு நாட்கள் எழுந்து நின்று பேசினார்கள். தாய்மாரும் சிலர் பேசினர். அவனுக்கு 40 முதல் 175 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிரித்தானியாவிலும் நிலைமை நன்றாயிருக்கவில்லை. 2022இல் வெளியான வைட் அறிக்கைக்காக 400க்கும் மேற்பட்டோர் தம் அனுபவங்களை எழுதினர். பிள்ளைகளைக் காயத்தோடு பயிலச் செய்தமை, உடல் நிறையைச் சொல்லி அவமதித்தமை, உணவைக் கட்டுப்படுத்தியமை எல்லாம் அதிலே வெளிவந்தன.

பெரியோர்களே, அந்தப் பெற்றோர் பிள்ளைமேல் அன்பில்லாதவர் அல்லர். குற்றம் செய்தவன்மேலும் அவனைக் காத்தவர்மேலுமே குற்றம் சாரும். எனினும் நாம் மனங்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. ஆசிரியரை மதிப்பது நமது பண்பு. அது நல்ல பண்பே. ஆனால் மதிப்பு என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. பெற்றோர் நுழையக்கூடாத வாயிலுக்குள் பிள்ளை மட்டும் நுழையவேண்டுமென்றால், அவ்வாயிலிலே நின்று காரணம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. "அம்மா, அங்கே போக எனக்கு விருப்பமில்லை" என்று பிள்ளை சொன்னால், அதைச் சோம்பல் என்று தள்ளிவிடுமுன் அருகிருத்தி முழுவதும் கேட்பதே அறிவுடைமை.

மூன்றாவதாக ஒருவரைப்பற்றிச் சொல்லவேண்டும். சிமோன் பைல்ஸ் என்ற பெயரை நம் இளைஞர் அறிவர். அவரைப் பெற்ற தாய் போதைப் பழக்கத்தினால் பிள்ளைகளைப் பேண இயலாதவரானார். சிமோனையும் தங்கையையும் தாய்வழிப் பாட்டனார் ரொன் பைல்ஸும் அவர் மனைவி நெல்லியும் வீட்டுக்கு அழைத்து, 2003இல் முறைப்படி தத்தெடுத்து, தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். சிமோன் உலகப் போட்டிகளிலே ஒப்பாரில்லாத புகழ் பெற்றார். நாசரின் கொடுமைக்கு ஆளானவர்களுள் தாமும் ஒருவரென்பதை 2018இல் அவரே வெளிப்படுத்தினார்.

2021ஆம் ஆண்டு யூலை 27, டோக்கியோ. குழுப் போட்டியின் இறுதிச் சுற்றிலே, வானிலே இரண்டரை முறை சுழலவேண்டிய பாய்ச்சலில் அவர் ஒன்றரை முறையே சுழன்று இறங்கினார். தம் உடல் வானில் எங்கே நிற்கின்றதென்ற உணர்வே அற்றுப்போகும் நிலை அது. தலைகீழாய் விழுந்தால் கழுத்து முறியும். "இனி ஆடமாட்டேன்" என்று அவர் விலகிக்கொண்டார். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, கோழையென்று சிலர் ஏசினர். அவரோ சில நாள் கழித்துச் சமநிலைக் கட்டையில் மட்டும் பங்குபற்றி வெண்கலம் பெற்றார். 2024இல், 27ஆவது வயதிலே, பாரிஸ் நகரில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். அரங்கிலே பார்வையாளர் வரிசையில் ரொன்னும் நெல்லியும் அமர்ந்திருந்தனர்.

"மாட்டேன்" என்று சொல்லும் துணிவு ஒரு பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? பயிற்சி நிலையம் அதைக் கற்பிப்பதில்லை. அங்கே கற்பிக்கப்படுவது "இன்னும் ஒருமுறை" என்பதே. தோற்றுத் திரும்பினாலும் வீட்டிலே தனக்குரிய இடம் குறையாது என்று அறிந்த பிள்ளையே, தன்னால் இயலாதபோது இயலாதென்று சொல்லும். அந்த உறுதியை அளிப்பது பெற்றோரின் வேலை. வேறு எவராலும் அதைச் செய்ய இயலாது.

நமக்கு அண்மையிலும் உதாரணம் உண்டு. திரிபுரா மாநிலத்து அகர்தலாவிலே பளுதூக்கும் பயிற்றுநர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் தீபா கர்மாக்கர். தட்டைப் பாதங்களோடு பிறந்தவர். 2016இல் ரியோ ஒலிம்பிக்கிலே, மிக ஆபத்தானதென்று பலரும் அஞ்சும் புரொதுனோவா பாய்ச்சலைச் செய்து நான்காமிடம் பெற்றார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.150 புள்ளி. பதக்கமின்றித் திரும்பிய அவரை ஊரே திரண்டு வரவேற்றது. நமது இலங்கையிலிருந்தும் 2021இல் மில்கா கெஹானி முதன்முறையாக ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கிலே கால்வைத்தார். அவ்வழியே இனி நம் பிள்ளைகளும் செல்லக்கூடும். ஆகவே நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

பெற்றோருக்கு நாம் பணிவுடன் கூறுவது இவையே. பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம், "எத்தனை புள்ளி?" என்று கேட்குமுன், "சாப்பிட்டாயா? எங்கேயாவது நோகின்றதா?" என்று கேளுங்கள். வளரும் எலும்பின் நோவை வீரமென்று புகழாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். நிறை குறையவேண்டுமென்று யாராவது பிள்ளையின் உணவைக் குறைக்கச் சொன்னால் ஒப்பாதீர்கள். வளரும் வயதிலே உணவு குறைந்தால் எலும்பும் மெலியும், மனமும் மெலியும். படிப்பைக் கைவிடச் செய்யாதீர்கள். இவ்விளையாட்டின் ஆயுள் குறுகியது, பிள்ளையின் ஆயுளோ நீண்டது. பயிற்றுநர் ஒருவர் போதும். இராச் சாப்பாட்டு வேளையில் இரண்டாவது பயிற்றுநர் வேண்டாம். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளையும் மறவாதீர்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோரின் உழைப்பு நீங்கள் காணாத இடங்களிலே நடக்கின்றது. அடகுக்குப் போன நகையும் கைவிட்ட உறக்கமும் கணக்கிலே எழுதப்படுவதில்லை. அதற்கு நீங்கள் கொடுக்கவேண்டிய கைம்மாறு பதக்கமன்று, உண்மை. நோவை மறைக்காதீர்கள். அச்சத்தை மறைக்காதீர்கள். எவராவது தகாதன செய்தால், அவர் எத்துணைப் பெரியவராயினும், அன்றே வீட்டிலே சொல்லுங்கள்.

முதலிலே கேட்ட கேள்விக்கு வருவோம். அந்தச் சிறுமி கிண்ணத்தை ஏன் மறைத்தாள்? தந்தையின் அன்பு முதலாமிடத்துக்கு மட்டுமே உரியதென்று அவள் எண்ணிவிட்டாள். தந்தை அப்படி ஒருநாளும் எண்ணியிருக்கமாட்டார். ஆனால் வாய்திறந்து சொல்லவுமில்லை. சொல்லாத அன்பைப் பிள்ளை எவ்வாறு அறியும்?

அன்பர்களே, அடுத்த விளையாட்டு விழாவிலே நாமெல்லாரும் மைதான ஓரத்தில் நிற்போம். முதலாவதாக வரும் பிள்ளையும் கடைசியாக வரும் பிள்ளையும் நம் முகத்தைத்தான் முதலிற் பார்க்கும். அந்த முகத்தைக் கண்டு எந்தப் பிள்ளையும் தன் கையிலுள்ளதை மறைக்கவேண்டாத நிலையை உண்டாக்குவோமாக.