இருதயக் கட்டியும் பேயோட்டுதலும்

(ஒரகடம் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள ஆலைகளில் மோட்டார் வண்டியும் டெலிபோனும் செய்கிறவர்கள் நீங்கள். ஒரு யந்திரம் நின்றுபோனால் அதற்கு வேப்பிலை அடிப்பீர்களா? மூடியைக் கழற்றிக் கோளாறு எங்கே என்றுதானே பார்ப்பீர்கள்? ஆனால் வீட்டிலே ஒரு பெண் மூச்சுத் திணறி மயங்கி விழுந்தால் மாத்திரம் பேய் என்றும், தோஷம் என்றும் சொல்லி மந்திரவாதியைத் தேடுவது என்ன நியாயம்?

மயக்கத்துக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றைச் சொல்லுகிறேன். சிலருக்கு இருதயத்தின் இடது மேலறையில் வழவழப்பான ஒரு கட்டி காம்போடு வளருகிறது. மிக்ஸோமா என்பது அதன் பெயர். அபூர்வமானதுதான், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது. அது புற்றுநோயல்ல. ஆனாலும் சாது என்று விட்டுவிட முடியாது. தொங்கி ஆடும் அக்கட்டி வால்வை அடைத்தால் மூச்சு முட்டும், மயக்கம் வரும். அதன் துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இதைக் கண்டுபிடிக்க ஜாதகம் வேண்டியதில்லை. எக்கோ என்னும் ஒலியலைப் பரிசோதனை போதும்.

மருந்தினால் இது கரையாது. அறுத்தே எடுக்க வேண்டும். 1953-ல் அமெரிக்காவில் ஜான் கிப்பன், இருதய நுரையீரல் யந்திரத்தின் துணையால் இருதயத்தைத் திறந்து வெற்றி கண்டார். மறு வருஷமே ஸ்வீடனில் கிராஃபோர்டு என்பவர் இக்கட்டியை அகற்றினார். பிறகு நெடுங்காலம் பெரும்பாலும் நெஞ்செலும்பை நடுவே பிளந்துதான் இதைச் செய்து வந்தார்கள். இன்றோ, தகுந்தவர்களுக்கு வலப்புற விலாவெலும்புகளுக்கிடையே சில அங்குலம் கீறி, தொடையிடுக்கின் ரத்தக்குழாய்கள் வழியாக அந்த யந்திரத்தை இணைத்து, கட்டியைக் காம்பின் அடியோடு எடுத்துவிடுகிறார்கள். எலும்பைப் பிளக்காததால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். எல்லோருக்கும் இம்முறை பொருந்தாது. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். சிலருக்கு மீண்டும் வளரக்கூடுமாதலால் பின்னரும் எக்கோ பார்த்துவர வேண்டும்.

தோழர்களே! மருத்துவக் கருவிகளுக்கென்று தொழிற்பூங்கா அமைக்க அரசாங்கம் தெரிந்தெடுத்த இடம் இதே ஒரகடந்தான். அப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு மந்திரித்த கயிற்றை நம்பி நாளைக் கடத்தலாமா? கடத்துகிற ஒவ்வொரு நாளும் அந்தத் துணுக்கு உடையக்கூடிய நாளல்லவா?

ஆகவே, மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்திருப்பவர்கள் அங்கே தாராளமாய்க் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு வைத்தியம் கேட்பது பிச்சையல்ல, உரிமை.