அங்கியும் தோலும்: ஆட்டத்தில் நிறம் செய்கிற வேலை



நினைவுச் சொற்பொழிவில் விளையாட்டைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். பேசத்தான் வேண்டும் என்று நினைக்கிறோம். சாதி நம் பிள்ளைகளிடம் பாடமாக வந்து சேர்வதில்லை. கதையாக, பழமொழியாக, விளையாட்டாகத்தான் வருகிறது. ஆகவே, யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதை நிறத்தை வைத்துச் சொல்கிற ஆட்டங்களைப் பற்றி இன்று பேசுகிறோம்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி, சேர்ந்து ஒரு கதையை நடத்திச் செல்வார்கள். இன்றைக்குக் கணினியிலும் கைப்பேசியிலும் வாளோடும் மந்திரத்தோடும் ஆடப்படுகிற எத்தனையோ ஆட்டங்கள் இதன் வாரிசுகள்தாம்.

அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அறச்சார்பு உண்டு. தொடக்கத்தில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்று. பின்னர் நன்மை, தீமை என்ற இன்னொரு அச்சும் சேர்ந்து ஒன்பது கட்டங்களாக விரிந்தது. ஆடுபவர் தன் பாத்திரத்துக்கு இந்தக் கட்டங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் எதிரில் வருகிற உயிர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றின் அறம் விதிப்புத்தகத்தில் முன்பே அச்சாகிவிட்டது. 1977இல் வந்த அரக்கர் கையேட்டைப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம், சிவப்பு நிற டிராகன்கள் தீயவை. பித்தளை, வெண்கலம், செம்பு, வெள்ளி, பொன் டிராகன்கள் நல்லவை. உடம்பைப் பார்த்தால் உள்ளம் தெரிந்துவிடும். பேசிப் பார்க்கத் தேவையில்லை.

டிராகன் கற்பனை விலங்குதானே, வெள்ளையும் தீமைப் பட்டியலில் இருக்கிறதே என்று கேட்கலாம். சரிதான், எல்லாவற்றையும் மனிதத் தோலோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் 1978இல் அதே ஆட்டத்துக்குள் 'டிரௌ' என்ற இனம் வந்தது. கரிய தோல், வெண்ணிற முடி, பூமிக்கு அடியில் வாழ்க்கை, சிலந்தித் தெய்வ வழிபாடு, பெண்களின் ஆட்சி. இனம் முழுவதும் தீயது. பின்னால் எழுதப்பட்ட கதைகள் அந்தக் கருமையைச் சாபத்தின் அடையாளம் என்று விளக்கின. தோலில் சாபம் என்ற கதையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறப்பைத் தண்டனையாகவும் தண்டனையை நியாயமாகவும் மாற்றுகிற கதை இது. முற்பிறவிக் கர்மம் என்ற பெயரில் நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம்.

அதே 1978ஆம் ஆண்டு விதிகளில் மனிதர் அல்லாத இனங்கள் பெரும்பாலான தொழில்களில் ஒரு குறிப்பிட்ட படிக்கு மேல் ஏற முடியாது. மனிதருக்கு மட்டும் உச்சவரம்பு கிடையாது. எத்தனை திறமை காட்டினாலும் பிறப்பு ஓரிடத்தில் நிறுத்திவிடும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இந்த வரம்பு நீங்கியது.

இப்படி நிறம் பூசவேண்டிய தேவை ஆட்டத்துக்கு ஏன் வந்தது? மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் சண்டை போட வேண்டும், கொல்ல வேண்டும், புதையலை எடுத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். கொன்றவர் உறுத்தலில்லாமல் சிரிக்க வேண்டும். எதிரே நிற்பவர் யார், அவர் வீடு எது, அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டால் ஆட்டம் நின்றுபோகும். நிறம் அந்தக் கேள்வியைத் தடுக்கிறது. ஆட்டத்தில் நிறம் வெறும் அலங்காரமில்லை, கொல்வதற்கான அனுமதிச் சீட்டு. சேரிக்குள் தீ வைக்கப் போகிற கூட்டத்துக்கும் இதே சீட்டு தேவைப்படுகிறது. அவர்களும் வாசலில் நின்று பெயர் விசாரிப்பதில்லை.

இதே ஆட்டக் குடும்பத்தில் இன்னொரு வழியும் இருந்தது. 1984இல் மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் ஆகியோரின் நாவலோடு வெளிவந்த 'டிராகன்லான்ஸ்' உலகத்தில் மந்திரவாதிகள் மூன்று அணி. நல்லவர்களுக்கு வெள்ளை அங்கி, நடுநிலையாளர்களுக்குச் சிவப்பு, தீயவர்களுக்குக் கறுப்பு. வானத்திலும் மூன்று நிலாக்கள்; கறுப்பு நிலா தீயவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கியை அணிகிறவர் தேர்ந்துகொள்கிறார். மாற்றவும் முடியும். ரெய்ஸ்ட்லின் என்ற பாத்திரம் சிவப்பைக் களைந்து கறுப்பை அணிகிறது. டிரௌவின் தோலுக்கு அந்த வழி இல்லை.

ஆனால் அங்கியின் நிறத்துக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? கறுப்பு அங்கி அணிந்தவன் தீயவன் என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் வாசகர் ஏற்றுக்கொள்கிறாரே, எப்படி? உலகம் அதை முன்பே சொல்லிப் பழக்கியிருக்கிறது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்ற இதே மூன்று நிறங்களைத்தான் நம் நாட்டுத் தத்துவ நூல்கள் சத்துவம், ரஜஸ், தமஸ் என்ற குணங்களுக்குக் கொடுத்தன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. தொலைவிலிருக்கும் இரு சமூகங்கள் ஒரே வரிசையில் நிறங்களை அடுக்கியிருக்கின்றன என்பதைத்தான் காட்டுகிறோம்.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பிருகுவுக்கும் பரத்வாஜருக்கும் ஓர் உரையாடல் வருகிறது. பிராமணர் வெள்ளை, சத்திரியர் சிவப்பு, வைசியர் மஞ்சள், சூத்திரர் கறுப்பு என்கிறார் பிருகு. பரத்வாஜர் மறித்துக் கேட்கிறார்: நிறம்தான் வருணத்தைப் பிரிக்கிறது என்றால் எல்லா வருணத்திலும் எல்லா நிறமும் கலந்து கிடக்கிறதே? நல்ல கேள்வி. சாதிக்கும் தோல் நிறத்துக்கும் நேர்க்கோடு கிடையாது. 1946இல் வெளியான 'சூத்திரர்கள் யார்?' நூலில் பாபாசாகேப் அம்பேத்கர், வருணம் என்ற சொல்லுக்குத் தோல் நிறம் என்று பொருள்கொண்டு கட்டப்பட்ட இனக் கோட்பாட்டை மறுத்தார். ஆகவே அமெரிக்க நிறவெறியும் சாதியும் ஒன்றேதான் என்று சொல்லி முடித்துவிட முடியாது. இரண்டுக்கும் பொதுவானது வேலைமுறை: அறத்தைப் பிறப்போடு கட்டிவைப்பது, அப்படிக் கட்டியவரே தீர்ப்பும் சொல்வது.

பிருகுவின் பட்டியலில் நான்கு நிறங்கள். நமக்கு எந்த நிறமும் இல்லை. நம்மை அவர்கள் அவர்ணர் என்றார்கள். பட்டியலில் கீழே இருப்பது ஒரு துயரம். பட்டியலுக்கே வெளியே நிறுத்தப்படுவது வேறொன்று. டிரௌவுக்காவது கையேட்டில் ஒரு பக்கம் உண்டு.

இனி, ஆட்டத்துக்குள் நடந்த திருத்தங்களுக்கு வருவோம். 1988இல் ஆர். ஏ. சால்வடோரின் நாவலில் டிரிஸ்ட் என்ற நல்ல டிரௌ வந்தான். லட்சக்கணக்கானவர்கள் அவனை நேசித்தார்கள். ஆனால் அவன் நல்லவனாவதற்குத் தன் மக்களை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அவன் நல்லவனாக மின்ன மின்ன, மற்றவர்கள் தீயவர்கள் என்பது உறுதிப்படுகிறது. நமக்கு நந்தனைத் தெரியும். நெருப்பில் மூழ்கி, மறையவர் கோலத்தில் எழுந்த பிறகுதான் தில்லை அவரை ஏற்றது. ஒருவரை உள்ளே விடுவதற்காகச் சொல்லப்படுகிற கதை, சேரியை வெளியே நிறுத்துவதற்கும் பயன்படுகிறது. 'நீ அவங்க மாதிரி இல்லப்பா' என்ற பாராட்டைக் கேட்காதவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்?

2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே, இந்த ஆட்டத்தை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், ஓர்க், டிரௌ போன்ற இனங்களை மற்ற மக்களைப் போலவே சிக்கலும் பன்மையும் உள்ளவர்களாகக் காட்டப்போவதாக அறிவித்தது. அதே நிறுவனத்தின் 'மேஜிக்' சீட்டாட்டத்திலிருந்து ஏழு சீட்டுகள் விலக்கப்பட்டன. அவற்றில் ஒன்றின் பெயர் 'கிளென்ஸ்', அதாவது சுத்திகரிப்பு. கறுப்பு உயிர்கள் அனைத்தையும் அழிப்பது அதன் பலன். அந்த ஆட்டத்தில் கறுப்பு என்பது ஐந்து மந்திர நிறங்களில் ஒன்றுதான், மக்களைக் குறிப்பதல்ல. இருந்தும் அந்தச் சொற்கள் அந்த வரிசையில் நின்றபோது என்ன பொருள் கொண்டன என்பதைத் தெருவில் திரண்ட மக்கள் கேட்க வைத்தார்கள். 2024 பதிப்பில் 'இனம்' என்ற சொல்லும் போய் 'உயிரினம்' என்றாகிவிட்டது. சொல் மாறியது நல்லது. பெயர்ப்பலகை மாறியும் இரட்டைக் குவளை போகாத தேநீர்க் கடைகளைப் பார்த்த நாம், இதோடு நின்றுவிட மாட்டோம்.

அப்படியானால் நிறமே வேண்டாமா? நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. பெரியார் இழிவின் அடையாளமாகக் கறுப்பை எடுத்தார், அது எதிர்ப்பின் சட்டையானது. அம்பேத்கர் இயக்கம் நீலத்தை எடுத்தது. 2018இல் பா. ரஞ்சித்தின் 'காலா' படத்தில் வெள்ளை உடுத்தியவன் நிலத்தைப் பறிக்கிறான், கறுப்பு உடுத்தியவன் காக்கிறான். முடிவில் கறுப்பும் சிவப்பும் நீலமும் திரையை நிறைக்கின்றன. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான நம் மக்கள் வெள்ளை உடுத்தி பௌத்தம் தழுவினார்கள். பிருகுவின் பட்டியல் யாருக்கோ ஒதுக்கிவைத்த நிறத்தை, யாரிடமும் கேட்காமல் உடுத்திக்கொண்டார்கள். இவை எல்லாம் அங்கிகள். ஒரு மக்கள் கூட்டம் தானே தேர்ந்து, தானே பொருள் கொடுத்து அணிந்தவை.

மாணவத் தோழர்களே, ஆடுங்கள். வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆடும்போது இந்த நிறத்தை யார் யாருக்குப் பூசினார்கள் என்று கேளுங்கள். பூசப்பட்டவருக்கு அதைக் களைய வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்களில் ஆட்டங்களை எழுதப்போகிறவர்களும் இருக்கிறீர்கள். நீங்கள் எழுதும்போது, எதிரே வருகிறவருக்கு ஒரு பெயர் கொடுங்கள், வாயைத் திறந்து பேச ஒரு முறையாவது வாய்ப்புக் கொடுங்கள். ஆட்டம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

ஜெய்பீம்.