ஆயாக் கொட்டகை இல்லாத ஊரில் ஒரு கைக்குழந்தை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த நம் குடும்பங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வீடு கிடைத்ததா, வேலை கிடைத்ததா, தமிழ்ப்பள்ளி பக்கத்தில் உண்டா என்ற கேள்விகளே முதலில் வரும். கைக்குழந்தையோடு வந்தவள் எப்படிச் சமாளித்தாள் என்று யாரும் கேட்பதில்லை. அவள் வீட்டுக்குள் இருப்பவள். ஆகவே கணக்கில் வராதவள். இன்றைய உரை அவளைப் பற்றியது.

பேராக் ரப்பருக்குத் தாய்வீடு. 1877இல் ஹியூ லோ காலத்தில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அந்நாளைய மரம் ஒன்றை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். பிறகு சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மட்டும் கமுனிங், எல்பில், ஹீவூட், டவன்பி என்று தோட்டங்கள் விரிந்தன. அந்தப் பெயர்களைக் கேட்டாலே ஈப்போவில் இன்றைக்கு 60, 70 வயதில் இருக்கும் பலருக்குப் பால் வாசம் மூக்கில் ஏறும்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு வெயில்தான் எதிரி. மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில் பால் நன்றாக ஓடும். பொழுது ஏற ஏற ஓட்டம் தளர்ந்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு. பேர் கூப்பிடும்போது ஆணும் பெண்ணும் களத்தில் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணின் இடுப்பில் இருக்கும் பிள்ளை எங்கே போகும்? ஆயாக் கொட்டகைக்குப் போகும்.

லயத்து வீடுகளுக்குப் பக்கத்திலேயே அந்தக் கொட்டகை இருக்கும். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். மரம் வெட்டத் தெம்பில்லாத வயதான பெண்மணி ஒருவர் ஆயாவாக இருப்பார். தாய் தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, பால் போத்தலையும் மாற்றுத் துணியையும் ஆயாவின் கையில் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் தோட்டத்து டிரெசரிடம் தூக்கிக்கொண்டு போவதும் ஆயாவின் வேலைதான். மாலையில் தாய் வரும்போது பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை அழுதது என்று ஒப்பிப்பார். கூடவே தாயைத் திட்டவும் செய்வார். திட்டுவதற்கு உரிமையுள்ள ஒருவர் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைச் சொர்க்கம் என்று சொல்லிவிடக் கூடாது. ஓர் ஆயாவின் பொறுப்பில் பல பிள்ளைகள். ஒன்றுக்குச் சளி பிடித்தால் எல்லாத் தொட்டிலும் இருமும். தாய்ப்பால் கொடுக்க நேரமில்லாமல் டின் பாலைக் கரைத்துக் கொடுத்தார்கள். இனிப்புக் கட்டிப்பால் குழந்தைகளுக்கு ஆகாது என்று டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் ஓர் உரையாற்றினார். அதற்கு அவர் வைத்த தலைப்பே ‘பாலும் கொலையும்’. மலாயா சுதந்திரம் பெற்ற 1957இல், பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 75 பேர் தங்கள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை 10க்கும் கீழே வந்துவிட்டது. பழையதெல்லாம் நல்லது என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

கொட்டகை கருணையால் எழுந்ததும் இல்லை. தாயின் கை விடியற்காலையில் மரத்தடியில் வேண்டும் என்று கணக்குப் பார்த்த முதலாளி கட்டியது அது. பின்னாளில், 1990இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் தோட்டத்துக் குழந்தைக் காப்பகங்களுக்கும் விதி வகுத்தது.

தோட்டங்கள் துண்டாடப்படுவது 1950களிலேயே தொடங்கிவிட்டது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது இதனால்தான். ஆயினும் பிற்பாடு பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பதால் ஜனங்கள் ஈப்போவை நோக்கி வந்தார்கள். புந்தோங், சிலிபின், ஜெலப்பாங், மெங்லெம்பு என்று, சொந்தக்காரர் ஒருவர் இருக்கும் இடமாகப் பார்த்துக் குடியேறினார்கள். புந்தோங்கில் தமிழ் பேசிக்கொண்டே கடைக்குப் போய்வரலாம். அதுவே பெரிய தைரியம்.

இப்போது ஒரு குடும்பத்தை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். அடுக்குமாடியின் 4ஆம் மாடியில் வாடகை வீடு. கணவர் ஷிப்ட் வேலைக்கு மோட்டார்சைக்கிளில் போய்விடுகிறார். மாமியார் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். தாயார் இன்னொரு மகளின் வீட்டில். 3 வாரக் குழந்தையோடு அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். லயத்தில் பிள்ளை அழுதால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். இங்கே கேட்கக் கூடாதே என்று அவள் பயப்படுகிறாள்.

அவளுக்கு முதலில் தெரிய வேண்டியது தாய் சேய் நல கிளினிக் எங்கே இருக்கிறது என்பது. பிரசவம் ஆன பிறகு அரசாங்கத் தாதியர் வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது நம் நாட்டில் உள்ள அருமையான ஏற்பாடு. ஆனால் தாதிக்கு விலாசம் தெரிய வேண்டுமே! பத்தியத்துக்குத் தாய்வீடு போனவரும், முதல் மாதத்திலேயே வீடு மாறியவரும் புதிய இடத்துக் கிளினிக்கில் சொல்லாமல் விட்டால் அந்த வருகை விட்டுப்போகும். மஞ்சள் காமாலை தலைகாட்டும் காலமும் அந்த முதல் வாரங்கள்தான். லேசான மஞ்சள் தானாகப் போய்விடும். அளவு மீறினால் மூளையையும் காதையும் பாதிக்கும். எது லேசு, எது மிஞ்சியது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது, இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து.

குழந்தையின் சுகாதாரப் புத்தகம் ஒன்றை மறக்காமல் கொண்டுவந்துவிட்டால் பாதிக் கவலை தீரும். 2, 3, 5 மாதங்களில் போட வேண்டிய ஊசி, 9, 12 மாதங்களில் போட வேண்டிய தட்டம்மை ஊசி எல்லாம் அதில் பதிவாகும். புத்தகத்தோடு போனால் புதிய ஊர்க் கிளினிக்கில் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். வீடு மாற்றும் அவசரத்தில் சட்டி பானைக்குக் கொடுக்கும் கவனத்தை அந்தப் புத்தகத்துக்கும் கொடுக்கலாம்.

வீடு மாறும்போது நடக்கும் இன்னொரு சங்கதி. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பாட்டியின் பழைய சேலையை எடுத்துத் தொட்டில் கட்டுவார்கள். ஆசையாகத்தான் செய்வார்கள். பெட்டியில் பூச்சி அரிக்காமல் இருக்க அந்துருண்டை போட்டிருப்பார்கள். பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு உண்டா என்று மருத்துவமனையில் பார்க்கிறார்களே, அந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் நெடியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையைக் கடுமையாக்கிவிடக்கூடும். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். குறைபாடு உண்டோ இல்லையோ, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம். இந்தக் காலத்து ஸ்பிரிங் தொட்டிலுக்கும் இது பொருந்தும். துணி அதே பெட்டியிலிருந்துதானே வருகிறது.

அடுத்தது, தோட்டத்தில் ‘சூராட் பெரானாக்’ என்பார்களே, அந்தப் பிறப்புப் பத்திரம். முன்பு 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்றிருந்ததைத் தீபகற்பத்தில் 2017இல் 60 நாளாக நீட்டித்தார்கள். நாள் நிறைய இருக்கிறதே என்று தள்ளிப்போட்டு, வீடு மாறி, வேலை மாறி, மறந்தே போன குடும்பங்கள் உண்டு. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதியவில்லை என்றால் சிக்கல் இரட்டிப்பாகும். அதிலும் தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்துவிட்டால் குழந்தையின் குடியுரிமையே கேள்விக்குறியாகிவிடும். அந்தக் குழந்தை 7 வயதில் பள்ளி வாசலில் நிற்கும்போதுதான் பெற்றோருக்கு உறைக்கிறது. தோட்டத்தில் இதற்கெல்லாம் கிராணியார் நினைவுபடுத்துவார். பட்டணத்தில் யார் நினைவுபடுத்துவது?

தனிமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். 2 வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, பசியில்லை, பிள்ளையைத் தூக்கவே மனமில்லை என்றால் அது ஒரு நோய். மருத்துவம் உள்ள நோய். காற்று கறுப்பு என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிறவர்கள் போடட்டும், ஆனால் கிளினிக்குக்கும் அழைத்துப் போகட்டும். ஊசி போடப் போகும் நாளில் தாதியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்து வீட்டில் மலாய்க்கார அக்காவோ சீனப் பாட்டியோ இருந்தால் பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சப் பாஷை எதற்கு?

இனி வேலைக்குத் திரும்பும் கட்டம். தனியார் துறையில் 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள். தந்தைக்கும் 7 நாள் கிடைத்தது. 98 நாள் முடியும்போது பிள்ளைக்கு 3 மாதம் தாண்டியிருக்கும். 5ஆம் மாத ஊசி இன்னும் பாக்கி. ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் வந்தால் மறுநாள் யார் லீவு போடுவது என்பதை முன்கூட்டியே கணவன் மனைவி பேசி வைக்க வேண்டும். எப்போதும் மனைவிதான் என்றால் அவள் வேலை நிலைக்காது.

பிள்ளையை எங்கே விடுவது? 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான காப்பகங்கள் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. வாசலில் கார்ட்டூன் படம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதும் உள்ளே எத்தனை தொட்டில், எத்தனை பேர் என்று எண்ணுவதும் மேல். பலர் வீட்டிலேயே பிள்ளை பார்க்கும் அக்காவிடம் விடுகிறார்கள். ஓரிரு பிள்ளைகளை மட்டும் பார்க்கும் அப்படிப்பட்ட வீடுகளை இந்தச் சட்டம் எட்டாது. ஆகவே சொல்லாமல் ஒரு நாள் நடுப்பகலில் போய்ப் பார்ப்பதில் தவறில்லை. அந்த அக்கா கோபித்துக்கொண்டால் வேறு அக்காவைத் தேட வேண்டியதுதான்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஒன்று இடிக்கிறது, நேரம். தோட்டத்தில் பெரட்டுக்கு முன்பே கொட்டகைக் கதவு திறந்திருக்கும். இரண்டும் ஒரே நிர்வாகம் வைத்த நேரம். ஈப்போவில் காலை ஷிப்ட் 7 மணிக்கு என்றால், 7 மணிக்குத் திறக்கும் காப்பகத்தில் பிள்ளையை விட்டுவிட்டு அவள் எப்படி நேரத்துக்குப் போவாள்? அந்தக் காலத்துத் துரைக்குத் தெரிந்த கணக்கு இந்தக் காலத்துத் தொழிற்சாலைக்குத் தெரியாமல் போனது வேடிக்கை. தொழிலாளர் பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்கும் முதலாளிகளுக்கு அரசாங்கம் வருமான வரிச் சலுகை தருகிறது. ஒரே தொழிற்பேட்டையில் இருக்கும் நான்கைந்து தொழிற்சாலைகள் சேர்ந்தால், விடியற்காலை 6 மணிக்குத் திறக்கும் ஒரு காப்பகத்தை நடத்தலாம். தொழிற்சங்கக் கூட்டத்தில் ஓவர்டைம், போனஸ் பற்றிப் பேசுகிற ஆண்கள் அடுத்த கூட்டத்தில் இதையும் எழுதிக் கொடுக்கலாம். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே, பிள்ளையை எங்கே விடலாம் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.