கடைசி நூறு அடி

(காந்திபுரத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)





வளாகத்தில் வாகன நிறுத்துமிடம் அமைக்கப்போகிறோம் என்று அறிவித்தது முதல், உங்களில் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டு வருகிறீர்கள். "நோயாளிகளுக்கென்று படைத்த காணிக்கையைக் கார் நிறுத்தச் செலவிடலாமா?" நியாயமான கேள்வி. ஏழை விதவையின் காசும் அந்தக் காணிக்கையில் உண்டு. ஆகவே பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

யோவான் சுவிசேஷத்தில் வரும் பெதஸ்தா குளத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே 38 வருஷம் வியாதியாயிருந்த ஒரு மனிதன் படுத்திருந்தான். சுகம் தரும் என்று அவன் நம்பிய தண்ணீர் கண்ணெதிரே இருந்தது. ஆனாலும் கடைசிச் சில அடிகளைக் கடக்க அவனுக்குத் துணையில்லை. மருத்துவமனை வாசலிலும் இதுவே நடக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்தும் கோபியிலிருந்தும் வண்டியில் வந்துவிடலாம். வண்டியை விட்டு இறங்கிப் புறநோயாளிப் பிரிவுக்குப் போகும் கடைசி நூறு அடிதான், பக்கவாதம் கண்டவருக்கும் இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கும் மலையாகிவிடுகிறது. கார்களுக்காக அல்ல, அந்த நூறு அடிக்காகவே இந்த வேலையைச் செய்யப்போகிறோம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வசதியைச் செய்வது இப்போது நம் விருப்பத்தைப் பொறுத்ததும் அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைக் கடமையாக்கியிருக்கிறது. அரசின் கட்டட வழிகாட்டி நெறிகள் அளவுகளையும் தருகின்றன. சாதாரணக் கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம் போதும். மாற்றுத்திறனாளியின் காருக்கு 3.6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 12 அடி வேண்டும். கதவை முழுவதும் திறந்து, சக்கர நாற்காலியை இருக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவர அந்தக் கூடுதல் இடம் தேவை. நுழைவாசலிலிருந்து அந்த இடம் 30 மீட்டருக்குள், நம் கணக்கில் நூறு அடிக்குள் இருக்க வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படிக்கட்டு உள்ள இடத்தில் பதினெட்டு அடிச் சாய்தளம் என்றால் சிலர் மலைக்கிறார்கள். செங்குத்தான சாய்தளத்தில் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்கள் மலைக்க மாட்டார்கள்.

நம் ஊருக்கு இன்னொன்றும் தேவை. கால் நடக்க இயலாதவர்களுக்குத் தமிழக அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்கள் வழங்குகிறது. கொங்கு நாட்டுச் சாலைகளில் அவற்றை எங்கும் காணலாம். இரு சக்கர வண்டிகளுக்கான குறுகிய வரிசையில் அவை நுழையாது. தூரத்தில் ஓர் ஓரத்தில்தான் நிறுத்த வேண்டியிருக்கும். கார் இல்லாத மாற்றுத்திறனாளிதான் அதிகம் நடக்க வேண்டும் என்றால், அது என்ன நியாயம்? அந்த ஸ்கூட்டர்களுக்கும் வாசலருகே அகலமான இடம் ஒதுக்குகிறோம். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவிலோ நடந்தோ வருகிற ஏழைகளுக்காக, வெளிவாசல் தொடங்கி நிழலும் கைப்பிடியும் உள்ள நடைபாதை ஒன்றும் இத்திட்டத்தில் உண்டு.

தரைக்கடியில் கீழ்த்தளம் தோண்டினால் இடம் மிச்சமாகுமே என்று கேட்கிறார்கள். 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் என்ன நடந்தது என்பதை மறக்கலாகாது. வாகனம் நிறுத்த வேண்டிய கீழ்த்தளத்தில் எரியக்கூடிய பொருள்கள் அடுக்கப்பட்டிருந்தன. அங்கே பற்றிய தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி, தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகள். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ, சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்து மின்சாரமே நின்றுபோனது. ஆகவே கீழ்த்தளம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆர்.எஸ்.புரத்தில் மாநகராட்சி கட்டியதுபோல் மேலே அடுக்குகள் வரலாம். அவை ஊழியருக்கும், நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கும். தரைத்தளம் நோயாளிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் மட்டுமே. மின்சாரம் போய் லிஃப்ட் நின்றாலும் அவர்கள் வெளியே போகக்கூடியவர்களாய் இருக்க வேண்டும். நாலு பக்கமும் சுவரின்றித் திறந்திருந்தால் புகை தங்காது. பகலில் விளக்கும் வேண்டியதில்லை. தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதையில் ஒரு சைக்கிளும் நிற்கக் கூடாது.

தேவன் தந்த தண்ணீரையும் வீணாக்கலாகாது. 2003 முதல் தமிழகத்தில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பத்தாயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 9,000 லிட்டர் தண்ணீர் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையை நிலத்துக்குள் இறக்கினால் வளாகத்து ஆழ்துளைக் கிணறு பிழைக்கும். கூரைமேல் சூரிய மின்தகடுகள் வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் இறங்கட்டும் என்று பதிக்கும் துளையுள்ள கற்களில் ஊன்றுகோலின் நுனியும் நாற்காலியின் முன்சக்கரமும் சிக்கிக்கொள்ளும். அவற்றைக் கார்கள் நிற்கும் இடத்தில் மட்டும் பதித்து, மாற்றுத்திறனாளிகள் இறங்கும் இடத்தையும் நடைபாதையையும் சமதளமாக, வழுக்காமல் அமைக்கச் சொல்லியிருக்கிறோம். மண்ணைக் காக்கிறோம் என்று மனிதரை இடறப்பண்ணலாகாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, நடக்கும் திறனை இழந்தார். பின்பு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தையும் நடத்தினார். நாற்காலியில் வருகிறவர் நோயாளியாகத்தான் இருப்பார் என்று எண்ண வேண்டாம். அவர் மருத்துவராகவும் இருக்கலாம். வழியில்லாத வாசல் அவரையும் திருப்பி அனுப்பிவிடும்.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கையோடு இன்னொன்றும் கேட்கிறோம். வாசலருகே உள்ள இடம் காலியாக இருந்தாலும், "ஐந்து நிமிஷம்தானே" என்று உங்கள் காரை அங்கே நிறுத்தாதீர்கள். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அந்த ஐந்து நிமிஷம் அதை வீணாக்கிவிடும். எங்கள் டாக்டர்களுக்கும், ஆயராகிய எங்களுக்கும் இதே விதிதான். தூரத்தில் நிறுத்திவிட்டு நாம் நடப்போம். நடக்க இயலாதவர் முந்திச் செல்லட்டும்.

இவ்வேலை குறைவின்றி நிறைவேற ஜெபித்துக்கொள்ளுங்கள். தேவன் உங்கள் குடும்பங்களைக் காத்து நடத்துவாராக. ஆமென்.