பசிக்கு ஊர் பேதம் இல்லை

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மைக் முன்னாடி நிற்பது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

2022-ல் எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் இலங்கையில் 400 கிராம் பால்மாவு பாக்கெட் அவங்க காசுக்கு 790 ரூபாய் ஆச்சு. வெளிநாட்டுச் சாமான் வாங்க அந்த அரசாங்கத்திடம் டாலர் இல்லை. கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றார்கள். முந்தின வருஷம் ரசாயன உரத்தைத் தடை செஞ்சதுல நெல் விளைச்சலும் குறைஞ்சுபோச்சு. மார்ச் மாசத்திலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு படகேறி தனுஷ்கோடிக்கு வந்தாங்க. மண்டபம் முகாமில் தங்க வச்சாங்க.

ஏப்ரல் 29-ம் தேதி நம் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்துகள். தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் கொடுங்க என்று அங்குள்ள தமிழர்களே கேட்டுக்கொண்டார்களாம். பொதுமக்களும் உதவலாம் என்று முதலமைச்சர் சொன்னார்.

குழுவில் இந்தப் பேச்சு வந்தப்ப முதலில் மறுத்தது நான்தான். "நம்ம ஆளுகளைக் கடல்ல புடிச்சுட்டுப் போற நாட்டுக்கு நாம ஏன் கொடுக்கணும்?"னு கேட்டேன். பாதிப் பேர் தலையாட்டினாங்க.

அப்போ ஒரு அக்கா எழுந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் ஒரு தடவை பிடிபட்டு, மாசக்கணக்கில் அங்கே ஜெயிலில் இருந்துட்டு வந்தவர். படகு திரும்பி வரவே இல்லை. "புடிச்சது நேவி. பசியில கெடக்குறது பிள்ளைக. ரெண்டையும் ஒண்ணாக்காத தங்கச்சி"ன்னு சொல்லி, முந்தானையில் முடிஞ்சு வச்சிருந்த 20 ரூபாயை எடுத்து வச்சாங்க.

நான் வாயே திறக்கலை. 12 பேரும் ஆளுக்கு 20 ரூபாய் போட்டு 240 ரூபாய் சேர்ந்தது. நோட்டு எழுதுறவள் நான். என் பெயரைக் கடைசியில்தான் எழுதினேன். இப்பவும் அந்தப் பக்கத்தைப் பார்த்தா கூச்சமா இருக்கு.

மே 18-ம் தேதி சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பினதை டிவியில் பார்த்தோம். அவ்வளவு மூட்டையில் எங்கள் 240 ரூபாய் எந்த மூலைக்கு? ஆனாலும் அதில் எங்கள் கையும் இருந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். மாசக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டு வருவோம். நம்ம ஊரில் அடுப்பெரியாத வீட்டுக்கு, என்ன ஆளுக, எந்த ஊருன்னு கேக்காம கொடுப்போம்.